வலப்பக்கம் மாறிய மஸ்டாங்

அரியரத்தினம் கொழும்பில் கட்டடங்களுக்கு வரைபடம் கீறியவர். எழுபத்திரண்டில் சிட்னிக்கு வந்து, வேலை கேட்டு ஏறி இறங்கிய கந்தோர்களெல்லாம் உள்ளூர் அனுபவம் இல்லையென்று கையை விரித்த பிறகு, பரமட்டா வீதியில் கொலின் என்ற வெள்ளைக்காரரின் கராஜில் போய் நின்றார். அங்கே தொழில் ஒன்றுதான். அமெரிக்காவிலிருந்து வரும் மஸ்டாங் கார்களின் ஸ்டியரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாத காரை இங்கே பதிய முடியாது.

முதல் தலைமுறை மஸ்டாங்குகள் நல்ல பிள்ளைகள். அளவான உடம்பு. இங்கே ஓடிய ஃபால்கன் காரின் ஸ்டியரிங்கும் பெடல்களும் அவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தின. அறுபத்தொன்பதில் வந்ததற்கு எஞ்சின் பருத்து, உள்ளே கைவிட இடமில்லை. எழுபத்தொன்றில் வந்ததற்கு மூக்கு நீண்டு, ஓட்டுபவருக்கு முன்னால் தெருவே தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஊதின மாப்பிள்ளை மாதிரி என்று அரியரத்தினம் வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கொழுப்பையும் சமாளித்து எல்லாவற்றையும் அவர் வலப்பக்கம் கொண்டுவந்தார்.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது. எழுபத்துநான்கின் மஸ்டாங் ஒரேயடியாகச் சுருங்கிவிட்டது. சின்ன உடம்பு, புது மாதிரி ஸ்டியரிங். ஃபால்கனின் ஒரு ஆணிகூட அதற்கு ஆகாது. ஒரு விமானி அமெரிக்காவில் வாங்கிக் கப்பலில் அனுப்பிய அந்தக் கார் கராஜுக்கு வந்தபோது கொலினுக்கு மனம் விட்டுப்போயிற்று. பதிவுக்கான வெள்ளிக்கிழமைப் பரிசோதனையில் இது தேறாவிட்டால் இந்தத் தொழிலை மூடிவிட்டு டயர் விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். டயர் விற்பவருக்குப் படம் கீறுபவர் எதற்கு?

வீட்டில் மனைவி யோகா அதற்குத்தான் காத்திருந்தாள். ரயில்வேயில் அவருக்குக் கிளார்க் வேலை ஒன்று கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நிரந்தர வேலை, எண்ணெய் படாத சட்டை, வேறென்ன வேணும் என்று அவள் காலையும் மாலையும் கேட்டாள். அரியரத்தினம் மசியவில்லை. இத்தனை நாளில் அந்தக் காருக்கு வந்த ஒவ்வொரு வடிவத்தையும் மடக்கியவர், கடைசிக் குட்டியிடமா தோற்பார்?

பொருந்தும் பாகம் இல்லையென்றால் செய்துகொள்வது. அவர் தன் பழைய தொழிலுக்கே போனார். இடப்பக்கத்தில் இருந்ததையெல்லாம் மெல்லிய தாளில் அளவு பிசகாமல் கீறி, தாளை மறுபக்கம் பிரட்டி, அதைப் பார்த்து வலப்பக்கத்துக்குச் செய்தார். டாஷ்போர்ட் பொருந்தியது. ஸ்டியரிங் பொருந்தியது. பெடல்களையும் அப்படியே செய்து பூட்டினார்.

புதன்கிழமை பின்னேரம் ஓட்டிப்பார்க்க ஏறினார். கார் கியரில் நின்றது. கிளட்ச் என்று இடது காலால் அழுத்தி, எஞ்சினைக் கிளப்பத் திறப்பைத் திருப்பினார். அழுத்தியது ஆக்ஸிலரேட்டரை. கார் ஒரு பாய்ச்சலில் போய் வேலை மேசையில் மோதி, முன்விளக்கு ஒன்று நொறுங்கியது. அவருக்கு நெற்றி புடைத்தது.

குனிந்து பார்த்தவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் போனாலும் மனிதனின் கால் மாறுவதில்லை. எந்த நாட்டுக் காரிலும் கிளட்ச் இடதில்தான். தாளைப் பிரட்டியவர் பெடல்களின் வரிசையையும் சேர்த்துப் பிரட்டிவிட்டார். ஃபால்கனின் பெடல்களை எடுத்துப் பூட்டிய காலத்தில் வராத பிழை. கொலின் கராஜின் விளக்கை அணைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அரியரத்தினத்துக்கு.

வீடு இருந்த டூங்கபிக்கு ரயிலேறி வந்து, கதிரையில் பொத்தென்று அமர்ந்து, ரயில்வே வேலையையே எடுக்கப்போவதாகச் சொன்னார். யோகா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். தையல் மெஷினில் இருந்தவள் எழுந்துவந்து நெற்றியைப் பார்த்தாள். என்ன நடந்ததென்று முழுக்கக் கேட்டாள்.

"ஒரு சட்டைக்கு ரெண்டும் இடக்கையா வெட்டினால் நான் என்ன செய்யிறனான்? திரும்ப வெட்டுறன். மெஷினை வித்துப்போட்டுப் படுக்கிறதே?"

"நீர்தானே அந்த வேலைக்குப் போகச் சொன்னனீர்."

"ஓம், சொன்னனான். வெண்டுபோட்டுப் போங்கோ. தோத்துப்போய்ப் போறவரை நான் வீட்டில வச்சுப் பாக்கேலாது."

அவருக்கு ரோசம் வந்தது. வியாழக்கிழமை விடிய கொலினுக்கு முன்னாலேயே கராஜ் வாசலில் நின்றார். பிழை தன்னுடையது, வெள்ளி மத்தியானம்வரை காரை வேறெவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பெடல்களை அறுத்தெடுத்து, வரிசை மாற்றிப் பற்றவைத்து, கிளட்ச் கேபிளுக்குப் புதுப்பாதை போட்டார். கொலின் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானே போய் ஒரு முன்விளக்கு தேடிக் கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பரிசோதகர் காரை ஓட்டினார், நிறுத்தினார், கீழே படுத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் கையெழுத்துப் போட்டார். துறைமுகத்தில் இதே மாதிரி இன்னொன்று நிற்கிறது, அதையும் எடுக்கட்டுமா என்று கொலின் கேட்டார். எடுக்கச் சொன்னார் அரியரத்தினம்.

அதன் பிறகுதான் ரயில்வேயின் ஞாபகம் வந்தது. யோகாவுக்கு என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்தபடியே கொலினின் தொலைபேசியை எடுத்து, வேலைக்கு வரமுடியாதென்று அறிவித்தார்.

மறுமுனையில் இருந்த பெண் அவர் பெயரைக் கேட்டுவிட்டு, அது தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றாள். அவருடைய மனைவி நேற்றுக் காலையே நேரில் வந்து, தன் கணவருக்குக் கராஜில் வேலை இருக்கிறது, அவர் வரமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம்.