டிஷ்ஷுக்குப் பின்னால் ஒரு மொபெட்

வீட்டு மாடியில் டிஷ் மாட்டுகிறவன் வேலை முடிந்ததும் இறங்கி வீட்டுக்குப் போகிறான். வண்டிக் கூரையில் மாட்டுகிறவனுக்கோ, வேலை முடிந்ததும் அந்த வேலையே எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிப் போகிறது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மே மாத வெயிலில் வேன் கூரைத் தகரத்தில் முட்டி போட்டவர்கள், கீழே இருந்து "வந்துடுச்சா, வந்துடுச்சா" என்று கேட்கிற வண்டிக்காரருக்கு ஒரு மதியம் முழுக்க "இன்னும் இல்லைங்க" என்றே பதில் சொன்னவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் ஓசூரில் டிஷ் மாட்டிப் பிழைக்கிறவன். யாரிடமும் போய் வேலை கற்கவில்லை. மாட்டி, ஆடி, கழற்றி, மறுபடி மாட்டிப் பழகியது. கீழே வருவதெல்லாம் அப்படிப் பழகும்போது கேட்ட பேச்சுகள்.

பரோட்டாவிடம் தோற்காத பிரியாணி

முதன்முதலில் வண்டியில் டிஷ் கேட்டவர் சம்சுதீன் பாய். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே வேனை நிறுத்தி பிரியாணி விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்துப் பரோட்டாக் கடைக்காரர் டிவி வைத்தார். கிரிக்கெட் நடக்கிற நாட்களில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நேராக அங்கே போய்விட்டார்கள். "பரோட்டாகிட்ட தோத்திருந்தா மனசு ஆறிடும்ணா, டிவிகிட்ட இல்ல தோத்துட்டேன்" என்று பாய் என்னிடம் வந்தார். அந்த வேன்தான் அவர் குடும்பத்துக்கு அடுப்பு. நான் சரி என்றேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ராஜம்மா பேரிகைப் பக்கத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, சண்டைக்குத் தமிழ். அன்றைக்குத் தமிழில் ஆரம்பித்தாள். "அது கழண்டு விழுந்தா யார் மேல விழும்?" பின்னால் வருகிறவன் மேல் என்றேன். ஹைவேயில் வேகமாகப் போகிற வண்டியிலிருந்து ஒரு டிஷ் பறந்து வந்தால், பைக்கில் வருகிறவன் கழுத்து என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். கூரைக்கு உள்பக்கம் இரும்புப் பிளேட் கொடுக்கிறேன், கூரையின் எலும்புச் சட்டத்தில் போல்ட் போடுகிறேன், வண்டி ஓடும்போது டிஷ்ஷைப் படுக்க வைத்து, எழாமல் இரும்புப் பின் குத்தி விடலாம், ஓட்டை போட்ட இடத்தில் தண்ணீர் இறங்காமல் ரப்பரும் பசையும் வைக்கிறேன் என்று என் படிப்பையெல்லாம் ஒப்பித்தேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவ்வளவு நம்பிக்கை இருந்தா, மொதல்ல நீங்க பின்னாடி போங்க."

மூடி

மறுநாள் பாய் வேனை ஓட்ட, நான் மொபெட்டில் பின்னால் கிளம்பினேன். ராஜம்மா ஹெல்மெட்டோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நீ எதற்கு என்றேன். "டிஷ்ஷைப் பார்த்தா ரோட்டை யார் பார்க்கறது? நீங்க ரோட்டைப் பாருங்க. டிஷ்ஷை நான் பார்க்கறேன்" என்றாள்.

பாகலூர் ரோட்டில் பள்ளம், வேகத்தடை எதையும் விடாமல் ஏற்றி இறக்கச் சொல்லியிருந்தேன். டிஷ் அசையவில்லை. மூன்றாவது வேகத்தடையில் வேனின் பின்கதவு திறந்து, பிரியாணி அண்டாவின் மூடி வெளியே பறந்து, ரோட்டில் விளிம்பால் நின்று, எங்களை நோக்கி உருண்டு வந்தது. நான் ஒதுங்கினேன். அது எங்களைத் தாண்டி ஒரு ரோஜாத் தோட்டத்து வேலியில் போய்ச் சாய்ந்தது. ராஜம்மா இறங்கிப் போய் அதை எடுத்து வந்து, வேனை நிறுத்திவிட்டு ஓடிவந்த பாயிடம் கொடுத்தாள். "பாய், மேல இருக்கறதுக்கு எங்க ஊட்டுக்காரர் நாலு போல்ட்டு போட்டிருக்கார். கீழ இருக்கறதுக்கு நீங்க ஒரு கயிறு போடக் கூடாதா?"

வண்டி பார்க்கிற திசை

பாயின் வேனில் படம் தெரிகிறது என்ற செய்தி பரவியது. கெலமங்கலத்திலிருந்து கிருஷ்ணப்பா என்ற டூரிஸ்ட் வேன்காரர் வந்தார். அவருக்கும் மாட்டி, ராஜம்மாவோடு பின்னால் போய்ப் பார்த்தேன். டிஷ் தென்கிழக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். நான் மாட்டுகிற ஸ்டாண்டு படுக்கும், எழும், திரும்பாது. "வண்டி மூக்கைக் கிழக்கே வச்சு நிறுத்துங்க, படம் வரும்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், பெண் வீட்டார் சீரியல் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ரோடு தெற்கு வடக்காகப் போகிறது. கிருஷ்ணப்பா நேர்மையான மனிதர். வேனை ரோட்டுக்குக் குறுக்கே, மூக்கு கிழக்கே பார்க்க, அளந்து நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் டவுன் பஸ்கள் நின்று ஹாரன் அடிக்க, போக்குவரத்துக் காவலர் ஓடிவந்து, எந்தப் பக்கம் பார்த்து வண்டி ஓட்டுகிறாய் என்று கத்தியிருக்கிறார். கிருஷ்ணப்பா பணிவாகச் சொன்னாராம்: "நான் ரோட்டைத்தான் பார்க்கறேன் சார், வண்டிதான் சாட்டிலைட்டைப் பார்க்குது."

அக்னி மூலை

ராயக்கோட்டையில் ஒரு தக்காளி லாரி முதலாளி. மண்டியில் லோடு இறக்கக் காத்திருக்கும்போது டிரைவர் தூங்கிவிடுகிறாராம். டிவி இருந்தால் விழித்திருப்பார் என்று கேபின் கூரைமேல் டிஷ் கேட்டார். மாட்டி முடித்தபோது ஒரு ஜோசியரைக் கூட்டிவந்தார். ஜோசியர் சுற்றிப் பார்த்துவிட்டு, டிஷ் அக்னி மூலையைப் பார்க்கிறது, லாரிக்கு நெருப்பு ஆகாது, ஈசானியத்துக்குத் திருப்பு என்றார். ஈசானிய மூலையில் நமக்கு ஒளிபரப்புகிறவர்கள் யாரும் இல்லை என்றேன். அவருக்கு அது என்னுடைய சோம்பலாகத் தெரிந்தது.

பெரிய வாதம். டிஷ்ஷைத் திருப்பினால் படம் போகும், திருப்பாவிட்டால் லாரி போகும். முதலாளி இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேனட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் கடைசியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சாமி, நான் ஒரு தடவை யூ டர்ன் போட்டேன்னா அந்த அக்னி மூலை எங்க போய் உக்காரும்?"

எல்லைக்கு அப்பால்

இது சின்னது. ஓசூரிலிருந்து பெங்களூர்ப் பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் பஸ். காத்திருக்கும் நேரத்தில் பார்க்க டிஷ். பாதி ஆட்கள் தமிழ், பாதி கன்னடம். ஒரு வாரம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். எல்லை தாண்டியும் தமிழ்ச் சேனலே வருகிறதாம், பஸ்ஸில் சண்டையாம். ரிமோட்டில் மாற்ற வேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. "அத்திப்பள்ளி தாண்டினா கடை போர்டு மாறுது, போலீஸ் தொப்பி மாறுது, டீ டம்ளரே மாறுது. நீ மாட்டின டிஷ்ஷுக்கு மட்டும் என்னப்பா அவ்வளவு கொழுப்பு?"

திறந்த டின்

ஓட்டுவதற்கு முன் டிஷ்ஷைப் படுக்க வைக்க வேண்டும். இதை வண்டி வண்டியாகச் சொல்லியிருக்கிறேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் மறப்பவர்கள் மறப்பார்கள். ஒரு வேன்காரர், கிரிக்கெட் ஆட்டம் ஜெயித்த சந்தோஷத்தில், நிமிர்ந்த டிஷ்ஷோடு ரயில்வே பாலத்துக்கு அடியில் நுழைந்தார். பாலம் விட்டுக்கொடுக்கவில்லை. என் போல்ட்டுகளும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் இருந்த கூரைதான் விட்டுக்கொடுத்தது. எண்ணெய் டின்னைத் திறந்தது போல முன்பாதி சுருண்டு எழுந்து நின்றது. டிஷ் அதன் உச்சியில் பத்திரமாக இருந்தது.

வேன்காரர் வண்டியை அப்படியே என் வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்தார். "கொஞ்சம் லூசா மாட்டியிருந்தா டிஷ் மட்டும் போயிருக்கும். இப்படி உயிரைக் குடுத்து டைட் பண்ணி என் கூரையை வாங்கிட்டியே!" என்று தெரு கேட்கக் கத்தினார். உள்ளே இருந்து வந்த ராஜம்மா கூரையைப் பார்த்தாள், டிஷ்ஷைப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார் அவர். "அப்ப வேலை சரியாத்தான் இருக்குது. உக்காருங்க, காப்பி போடறேன்."

மழை

ஒரு காய்ச்சல் வந்து ராஜம்மா போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து, பேரிகைக்காரர் ஒருவரின் பூ ஏற்றும் டெம்போவுக்கு மாட்டினேன். வழக்கம் போலப் பின்னால் போனேன். பின்சீட்டில் ஆள் இல்லை. டிஷ்ஷைப் பார்த்தால் ரோடு தெரியவில்லை, ரோட்டைப் பார்த்தால் டிஷ் தெரியவில்லை. டிஷ்ஷைப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். பேரிகை ரோட்டில் அந்தப் பருவத்தில் ராகிக் கதிரை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரங்கள் மணியை உதிர்த்துக் கொடுக்கும். டெம்போ அதன் மேல் ஏறிப் போய்விட்டது. என் மொபெட் ஏறியது, வழுக்கியது, படுத்தது. நானும் படுத்தேன். ராகித் தாள் மெத்தை போல இருந்ததால் எலும்பு தப்பியது.

கண்ணைத் திறந்தபோது முறத்தோடு ஓர் அம்மா என்மேல் குனிந்து நின்றார். அவர் தூரத்திலிருந்தே என்னைக் கவனித்திருக்கிறார். அவருடைய கவலை வேறு. கதிர் காய வேண்டும். "ரோட்டைப் பார்க்காம மேலயே பார்த்துக்கிட்டு வந்தியே சாமி, மழை வருமா?"

பின்சீட்டு

அன்றோடு வண்டிகளை விட்டுவிட்டேன். கீழே விழுந்த பயம் இல்லை. பின்னால் போய்ப் பார்க்காமல் ஒரு வண்டியை ரோட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று ராஜம்மாவிடம் ஒத்துக்கொண்டிருந்தேன். தனி ஆளாகப் போய்ப் பார்க்க முடியாது என்று ராகி சொல்லிவிட்டது. வீட்டு மாடிகள் போதும் என்று இருந்தேன்.

சம்சுதீன் பாய் வந்தார். சூளகிரிப் பக்கம் ஒரு புதுக் கம்பெனி கேட்டில் இரண்டாவது வேன் போடுகிறார். அதை ஓட்டப்போவது அவர் மகள் நஸ்ரீன். அங்கேயும் ஒரு பரோட்டாக் கடை இருக்கிறது, அதிலும் டிவி இருக்கிறது. வேறு ஆளை வைத்து மாட்டிக்கொள்ளச் சொன்னேன். "நஸ்ரீன் ஓட்டற வண்டிக்குப் பின்னாடி யாரோ ஒருத்தரோட பையன் பைக்ல வருவான்ல, அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்" என்றார். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. மாட்டினேன். பிளேட், போல்ட், ரப்பர், பின், எல்லாம் இரண்டு தடவை பார்த்தேன். பிறகு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அடுத்தது என்ன என்று பாய்க்குத் தெரியும். ஏன் நிற்கிறேன் என்றும் தெரிந்தது.

நஸ்ரீன் வேனைக் கிளப்பினாள். பாய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்தார். பாய் நல்ல கனம். முன்சக்கரம் வானத்தைப் பார்க்கலாமா என்று யோசித்தது. அந்த ரோட்டில் நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். "கொஞ்சம் மெதுவா போம்மா" என்று பாய் போனில் சொல்ல, "இதுக்கு மேல மெதுவா போனா வண்டி நின்னுடும் அத்தா" என்று நஸ்ரீன் கத்துவது எனக்கே கேட்டது. இறக்கம் வந்ததும் மொபெட் வேகம் பிடித்தது. நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். வேகத்தடைக்கு வேகத்தடை என் காதருகே குரல் வந்துகொண்டிருந்தது: "இருக்கு... இருக்கு... இருக்கு." ஒரு தடவை மட்டும் "ஐயையோ!" என்றார். பிரேக்கை அழுத்தினேன். அண்டா மூடி ஆடுகிறதாம். கயிறு கட்டியிருந்ததால் நின்றுவிட்டது.

சூளகிரி போய்ச் சேர்ந்தோம். நஸ்ரீன் கூரைமேல் ஏறி டிஷ்ஷைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். வேன்தான் ஆடியது. பாய் மொபெட்டிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, நிமிர்ந்தபடியே நின்றுவிட்ட கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுக்கொண்டார். "டிஷ் அசையலண்ணா. எனக்குத்தான் சுளுக்கிக்கிச்சு. இத்தனை வண்டிக்கும் எங்க ராஜம்மாக்கா எப்படித்தான் உக்காந்து பார்த்தாங்களோ!"

வண்டிக் கூரையில் டிஷ் மாட்ட வேண்டிய போல்ட்டும் பிளேட்டும் ஓசூர் கடைத்தெருவில் எப்போதும் கிடைக்கும், பின்சீட்டுக்குத்தான் ஆள் கிடைக்க வேண்டும், அவரும் கொஞ்சம் எடை குறைவாகக் கிடைத்தால் மொபெட்டுக்கு நல்லது.