ஜிப் இல்லாத கிரகம்

நீங்கள் பொய் சொன்னீர்கள், மேனேஜர் சார். நான் குடித்துவிட்டு அந்த மரத்தில் தொங்கவில்லை.

மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் உங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில் வேற்றுக்கிரக மழைக்காடு ஒன்று உண்டு. ஊதா நிற பிளாஸ்டிக் இலை, சிமென்ட் மரம், பைப்பிலிருந்து சீறும் பனிப்புகை. அதில் கிளைக்குக் கிளை தாவும் பிராணி நான். பச்சை ரோமம், நாலு கண், இடுப்பில் ரப்பர் கயிறு. பேசக் கூடாது, தலையைக் கழற்றக் கூடாது. முதுகில் இருக்கும் ஜிப்பை அடுத்தவர்தான் திறக்க முடியும்.

ஒருநாள் ஒரு வாண்டு அந்த ஜிப்பை இழுத்துவிட்டது. என் பனியன் தெரிந்தது. யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, தினமும் நான் உள்ளே போனதும் முதுகைத் தைத்துவிடச் சொன்னீர்கள்.

"மயக்கம் வந்தா இன்னா சார் பண்றது?" என்று கேட்டேன்.

"வேற கிரகத்துல ஏதுப்பா ஜிப்பு?" என்று சிரித்தீர்கள்.

அந்த ஞாயிறு மதியம் கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. இரண்டு கிளைக்கு நடுவில் தொங்கினேன். கால் எதிலும் படவில்லை. தலைக்குள் இருந்த ஸ்பாஞ்ச் வியர்வையில் நனைந்து மூக்கில் ஒட்டியது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்தேன். முதுகுக்குக் கை எட்டவில்லை. எட்டினாலும் பிராணியின் விரல் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டு தடிமன். "இறக்குங்க" என்று கத்தினேன். கூட்டம் கை தட்டியது.

"நைனா, அது மூச்சு வுடுது பாரு!" என்றது ஒரு பெண் குழந்தை.

"உள்ள மோட்டார் கீதும்மா," என்றார் அப்பா.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் கீழேதான் நின்றீர்கள். மைக்கில், "நம்ம பிராணி தூங்குது, போட்டோ எடுத்துக்கோங்க" என்றீர்கள். எடுத்தார்கள். காலை உதறினேன். இன்னும் சிரித்தார்கள். அப்புறம் உதறவும் தெம்பில்லை.

டிக்கெட் பார்க்கும் அக்காதான் ஏணி போட்டு ஏறி, கத்தரிக்கோலால் முதுகைக் கிழித்தார். "உயிரோட கீறியாடா?" என்றார். வாந்தி எடுத்தேன். அதை வைத்துத்தான் கதை கட்டினீர்கள்.

இப்போது திருப்போரூரில் பள்ளி வேன் ஓட்டும் வேலை கேட்டுப் போனால், "பார்க்குல தண்ணி போட்டுத் தொங்குன ஆளு நீதானே?" என்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றும் வண்டியை யார் என்னிடம் கொடுப்பார்கள்?

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். கூட்டம் நிறைந்த ஒரு நாளில் உங்கள் வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: நான் குடித்திருந்தேனா?