இடி வாங்கிய தகரப்பெட்டி

இடி என்றால்தான் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பள நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். அதற்கும் அவள் சட்டென்று திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினெட்டு வருடம் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவள் நீராவி இஸ்திரி மேசையில், நான் மடிக்கிற மேசையில். நடுவில் நாலடி தூரம். ஒருத்தன் கையை வேகவைத்தவள் என்று இன்றைக்கும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆமாம், வேகவைத்தாள். எதற்கென்று பக்கத்தில் இருந்த நான் சொல்கிறேன்.

அவளுக்குப் பதினோரு வயதில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே பல் போன சீப்பு, கண்ணாடித் துண்டு, நாலைந்து பொத்தான். அதற்குச் சுண்டுவிரல் அளவு ஒரு பூட்டு. அவளுடைய அப்பன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "என் வீட்டுல எனக்கே பூட்டா?" என்று கருங்கல்லைத் தூக்கிப் போட்டு உடைத்தான். தடுக்கப்போனவளின் மணிக்கட்டும் அதே கல்லில் நசுங்கியது. அவள் அவன் காதைக் கடித்துப் பிய்த்துவிட்டாள். பிய்ந்ததைத் துப்பிவிட்டுத்தான் வீட்டை விட்டு ஓடிவந்தாள். அந்த மணிக்கட்டு கடைசிவரை நேராகவில்லை. கட்டிக்கொண்டவனும் கையை நீட்டுகிறவன்தான். நாலாம் மாதம் துணி அடிக்கிற கட்டையால் அவன் தோள் எலும்பை உடைத்துவிட்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சை எடுக்க யாருக்கும் தைரியமில்லை. பிள்ளை பெறவில்லை. பிள்ளைகளைக் கொஞ்சியும் நான் பார்த்ததில்லை.

எங்கள் கூடத்தில் ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. அடி உதை தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவந்த பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் தங்குகிற காப்பகம் ஒன்றின் துணியெல்லாம் எங்களிடம்தான் வெளுப்புக்கு வரும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசரம்மா அதைச் சொல்லிவிடுவார். அங்கே இருக்கிற பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஆளுக்கொரு பரிசு வாங்க வேண்டும். தலையணை உறைக்குள் சீட்டைப் போட்டுக் குலுக்குவார்கள். சீட்டில் பேர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, என்ன ஆசை, அவ்வளவுதான். இரண்டு பேர் ஒருவேளை சாப்பிடுகிற காசுக்கு மேலே செலவு பண்ணக் கூடாது.

அது கேட்கத்தான் சுலபம். முதல் வருடம் நான் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குக் கண் சிமிட்டுகிற பொம்மை வாங்கினேன். இடி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"யாருக்குக்கா இது, தொட்டில்ல கெடக்கறதுக்கா?"

"பொண்ணுன்னுதானடி போட்டிருக்கு."

"பன்னெண்டு வயசுக்கா! இதைக் கொடுத்தா அது உன்னைத் தேடி வந்து மண்டைல அடிக்கும். இந்த வயசுதான் ரெண்டுங்கெட்டான். குழந்தைன்னா மொறைக்கும், பெரிய மனுஷின்னா பயந்துக்கும்."

"அப்ப சட்டை வாங்கட்டுமா?"

"அளவு தெரியுமா உனக்கு? அது ஒல்லியோ குண்டோ!"

"நோட்டு, பேனா?"

"பரிசுன்னு சொல்லி வீட்டுப்பாடமா கொடுப்ப? பள்ளிக்கூடம் விடற நேரத்துல வாசல்ல போய் நில்லு. ஒண்ணோட ஒண்ணு எதுக்கு அடிச்சுக்குதுன்னு பாரு. எதைப் புடுங்குதோ அதை வாங்கு."

அவள் அப்படித்தான் வாங்குவாள். மூன்று நாள் பள்ளி வாசலில் நின்று எந்தப் பையன் எந்தப் பையனின் முடியைப் பிடித்து எதற்காக இழுக்கிறான் என்று பார்த்துவிட்டு வருவாள். ஒரு வருடம் டார்ச் லைட், ஒரு வருடம் எறிந்தால் பறக்கிற தட்டு. அவள் கொடுத்தது ஒருநாளும் சோடை போனதில்லை.

அந்த வருடம் அவள் எடுத்த சீட்டை சூப்பர்வைசரம்மா படித்துக் காட்டினார். பதினோரு வயது, பெண். ஆசை என்கிற இடம் காலி.

"ஒண்ணுமே எழுதலியா?" என்று இடி கேட்டாள்.

"எழுதி அழிச்சிருக்கு."

இடி அந்தச் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படிக்கவா தெரியும் அவளுக்கு? அழித்த தடம் மட்டும் தெரிந்திருக்கும். அந்த முறை அவள் பள்ளி வாசலுக்குப் போகவில்லை.

கடையில் தள்ளுபடி விற்பனை. முழங்கையும் முட்டியுமாகக் கூட்டம். ஒருத்தி செருப்பு அறுந்து, உதடு கிழிந்து வெளியே வந்தாள். அதற்குள் இடி புகுந்தாள், பின்னால் நான். அலமாரியில் பூட்டு வைத்த தகரப்பெட்டி ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. நீல நிறம், ஒரு சாண் நீளம். இவள் ஒரு பக்கம் பிடித்தாள், நல்ல பட்டுப்புடவைக்காரி ஒருத்தி மறுபக்கம் பிடித்தாள்.

"நான்தான் முதல்ல பார்த்தேன்."

"பார்த்துக்கோ. எடுத்தது நான்."

அந்த அம்மாள் இடியின் கன்னத்தில் நகத்தால் கீறினாள். இடி அவள் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினாள். பெட்டி எங்களுக்கு வந்தது. கன்னத்தில் ரத்தம் வழிய வழியக் காசை எண்ணி வைத்தாள். விலை சரியாக வரம்புக்குள் இருந்தது.

பொட்டலத் தாளுக்குக் காசு மிஞ்சவில்லை. கழித்துப் போட்ட விரிப்பில் துண்டு கிழித்து நானே ஒரு பை தைத்தேன். தப்பு நடந்தது அங்கேதான், பண்ணியது நான். சலவைக்கு வருகிற ஒவ்வொரு துணியின் மூலையிலும் அழியாத மையால் குறி போடுவோம். மருத்துவமனைக்கு மீன், விடுதிக்குக் குடை. எதுவானாலும் பக்கத்திலேயே எங்கள் கூடத்தின் குறி, வட்டத்துக்குள் இரண்டு கோடு, இருக்கும். எங்கள் வேனிலும் அதேதான் பெரிதாக வரைந்திருக்கும். எழுத்து தெரியாத எனக்கு வாசிக்கத் தெரிந்தது அந்தக் குறிகள்தான். வட்டம் பையின் முன்பக்கத்தில் வருகிற மாதிரி வைத்துத் தைத்தேன். அழகாக இருந்தது. இடியும் தடவிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

விடுமுறை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். மதியம், வேனில் மூட்டை ஏற்றுகிற நேரம். டிரைவர் சாப்பிடப் போயிருந்தார், சூப்பர்வைசரம்மா மாடியில் இருந்தார். ஒருத்தன் இரும்புக் குழாயோடு உள்ளே வந்தான். வெளுத்த சட்டை, வாரிய தலை, பார்க்க மரியாதையான ஆள். என் மேசைமேல் எதையோ தூக்கி எறிந்தான். அந்த நீலப் பெட்டிதான். மூடி உள்ளே குழிந்து, பூட்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதன் பின்னாலேயே பையும் வந்து விழுந்தது.

"இந்தக் குறி உங்க வண்டியில இருக்கு. என் பொண்ணுக்கு இதை யாருடி கொடுத்தது? எங்க வெச்சிருக்கீங்க அவளையும் அவ ஆத்தாளையும்?"

மாதம் ஒருமுறை குழந்தைகள் நல அதிகாரியின் அறையில் வைத்து மகளைப் பார்க்க அவனுக்குக் கோர்ட் உத்தரவு கொடுத்திருந்ததாம். அங்கேதான் பெட்டியைப் பிடுங்கியிருக்கிறான். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். காப்பகத்து மூட்டை என் பக்கத்தில் இருக்கிறது. அதன் முடிச்சில் விலாசம் எழுதிய அட்டை தொங்குகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

நான் அந்த மூட்டையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன், அட்டை எனக்கு அடியில் போகிற மாதிரி.

"எழுந்திருடி கெழவி."

"கால் வலிக்குதுப்பா. நீ கேக்கறதைக் கேளு."

குழாய் என் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. வாந்தி வந்தது. எழுந்திருக்கவில்லை. இரண்டாவது அடி முதுகில். விரிப்புத் துணியை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

இடி அதற்குள் மேசைக்கு வந்துவிட்டாள். அவனைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள். பிளந்த பூட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"கல்லைப் போட்டு உடைச்சியா?"

"நீதான் கொடுத்தியா? எங்க இருக்கா அவ?"

"யாரு?"

"என் பொண்ணுடி!"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பதினோரு வயசு, பொண்ணு. பேர்கூடத் தெரியாது."

"பேர் தெரியாத பிள்ளைக்கு எவளாவது காசு போட்டுப் பெட்டி வாங்குவாளா?" என்று வீசினான். குழாய் அவள் தாடையில் பட்டு, இரண்டு பல் என் மடியில் வந்து விழுந்தது. அவள் கீழே விழவில்லை. மறுபடி வீச ஓங்கிய அவன் கையைப் பிடித்தாள். வருடக்கணக்காக ஈரத்துணி தூக்கிய கை, அவன் உதறிப் பார்த்தும் விடவில்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அவன் கையை இஸ்திரி மேசையில் விரித்து வைத்தாள்.

"விலாசம் வேணும்னியே, கையைக் காட்டு, எழுதித் தர்றேன்."

கால்மிதியை மிதித்தாள். கொதிக்கிற மேல்பலகை இறங்கியது. அவளுக்கும் என்னைப் போலவே ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது.

நீராவியில் இருவரும் மறைந்துபோனார்கள். அவன் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். அவன் கையை விடாமல் பிடித்திருந்ததில் அவளுடைய விரலும் இரண்டு வெந்துபோயிற்று. நான் மூட்டையை விட்டு இறங்கவில்லை. போலீஸ் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான், சூப்பர்வைசரம்மா அட்டையை அவிழ்த்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான், என்னைக் கீழே இறக்கினார்கள். அவன் விலாசத்தைப் பார்க்கவே இல்லை.

அவனுக்கு மூன்று வருடம் சிறை. இடிக்கு ஏழு மாதம். அடித்தவனைத்தானே அடித்தாள் என்று நான் சாட்சிக் கூண்டில் நின்று சொன்னேன். ஒரு அடி போதும், கால்மிதியை அவ்வளவு நேரம் மிதித்திருக்க வேண்டாம் என்றார்கள். எனக்கு ஒரு கை இன்றைக்கும் தோளுக்கு மேலே போகாது.

வெளியே வந்தவளை முதலாளி மறுபடி சேர்த்துக்கொண்டார். அந்த மேசையை அவளைவிட வேகமாக ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. அவள் வந்த மாதமே விடுமுறைச் சீட்டும் வந்தது. இரண்டு விரல் விறைத்த கையைத் தலையணை உறைக்குள் விட்டு ஒன்றை எடுத்தாள். அந்தச் சீட்டு அவளுக்கு வருகிற மாதிரி சூப்பர்வைசரம்மாவே செய்தார் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

"பன்னெண்டு வயசு, பொண்ணு," என்று படித்தவர் கொஞ்சம் நிறுத்தினார். "பூட்டு மட்டும் போதும்னு போட்டிருக்கு. பெருசு வேணுமாம்."

இடி பல் போன இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டு நின்றாள். பிறகு, "அக்கா, கிளம்பு," என்றாள்.

பொம்மைக் கடைக்குப் போகவில்லை, இரும்புக் கடைக்குப் போனோம். பூட்டுக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். இடி அங்கே கிடந்த சுத்தியலை எடுத்து ஒரே போடு போட்டாள். கொக்கி தெறித்து ஓடியது.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க!"

"அடுத்தது எடு."

அடுத்ததும் உடைந்தது. மூன்றாவது நாலு அடி தாங்கி ஐந்தாவதில் வாயைத் திறந்தது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாலாவதாக ஒரு கறுத்த பூட்டு, கையில் எடுத்தாலே மணிக்கட்டு தாழ்கிற கனம். அதை அவள் அடித்த அடியில் சுத்தியலின் காம்புதான் முறிந்தது.

"இது," என்றாள்.

விலை வரம்பைப் போல ஒன்றரை மடங்கு. வரம்புக்கு மேலே ஒரு பைசா தர மாட்டேன் என்று அவள் நின்றாள். உடைத்ததுக்கு யார் தருவது என்று அவர் நின்றார். முறிந்த காம்பைக் கீழே வைக்காமலே அவள் அவரைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போ தாயே," என்றார்.

இந்த முறை நான் பை தைக்கவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றினோம். கையால் போட்ட குறி, கோடு எதுவும் எதிலும் இல்லையா என்று ஒவ்வொரு மடிப்பாக நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தது. ஒன்று தொலைந்தால் உதவும், இங்கேயே வைத்திருக்கலாமா என்று கேட்டேன்.

"அவ பூட்டுக்கு நாம ஏன்க்கா சாவி வெச்சுக்கணும்?" என்றாள். இரண்டையும் நூலில் கோத்து, பொட்டலத்துக்குள்ளேயே வைத்துக் கட்டினாள்.