கவலை உண்டு, கதிரை இல்லை

இரவு ஷிஃப்டில் பிரெட் அடுக்குகிறவனுக்குக் கனவு காணத் தூக்கம் தேவையில்லை. கன்வேயரில் ஆவி பறக்க வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், கனவு தானாக வரும். ஊர் தூங்கும்போது உழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடல் கடந்து வந்து, ஸ்பிரிங்வேல் பக்கத்து பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில், ஒரு காதில் இயர்போனோடு, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலிருந்த ஐரோப்பாவின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. மிச்சத்தை இப்படித்தான் படிக்கிறேன்.

ஒரு முழ இடம்

என் இடம் ஓவனுக்குப் பக்கத்தில். மற்றவர்களுக்கு அது புழுக்கம், எனக்கு உயிர். குளிர் பட்டால் என் விரல்கள் வெளுத்து மரத்துவிடும். குளிர் அறைக்கு மாற்றினால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு நாள் டீம் லீடர் டேரன் தன் தள்ளுவண்டிகளை என் இடத்துக்குள் ஒரு முழம் தள்ளி நிறுத்தினான். அப்போது என் காதில் ஜெர்மன் படை ரைன் நதிக்கரைக்குள் நடந்துகொண்டிருந்தது. அங்கே படை நுழையக் கூடாது என்று ஒப்பந்தம். பிரான்ஸ் பார்த்துக்கொண்டிருந்தது, பிரிட்டன் கொட்டாவி விட்டது. மாவுத் தூசியில் விளக்கு மங்க, வரிசையாக வந்த ரொட்டிகளுக்கெல்லாம் இரும்புத் தொப்பி முளைத்த மாதிரி இருந்தது எனக்கு. மேனேஜர் லிண்டாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஒரு முழம்தானே, விடுங்க. அதோட நின்னுடுவான்" என்றார்.

கவலை

நிற்கவில்லை. அடுத்து என் ஸ்டூல் போனது. அப்புறம் பாதி மேசை. அங்கே டேரனின் மச்சான் வந்து நின்றான். இயர்போனில் ஆஸ்திரியா சண்டையே இல்லாமல், சர்க்கரை மாதிரி ஜெர்மனிக்குள் கரைந்துகொண்டிருந்தது. மற்ற நாடுகள் கண்டனக் கடிதம் அனுப்பின. எனக்கும் ஒன்று கிடைத்தது, வாய்மொழியாக. யூனியன்காரர் முதுகில் தட்டி, "வீ ஆர் வெரி கன்சர்ன்ட்" என்றார். ரொம்பக் கவலையாம்.

பக்கத்து வரிசையில் ஈஸ்வரன் அண்ணை. கிளிநொச்சிக்காரர், என்னைவிட மூத்தவர். நான் பிரெட் என்பதை அவர் பாண் என்பார், நாற்காலியைக் கதிரை என்பார். டீ நேரத்தில் ஆஸ்திரியாவின் கதை, என் கதை இரண்டையும் அவரிடம் சொன்னேன். பாணைத் தேநீரில் தோய்த்தவர், அது ஊறி உடைந்து விழும்வரை அப்படியே பிடித்திருந்தார்.

"உலக நாடுகள் எங்களுக்கும் கவலை தெரிவிச்சவை, தம்பி. சண்டை நேரம் பங்கருக்குள்ள இருந்து ரேடியோவில கேட்டனாங்கள்."

நாலாவது கதிரை

மியூனிக் கதையை பஸ்ஸில் வரும்போது கேட்டேன். நான்கு நாடுகள் உட்கார்ந்து செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லையை வெட்டி ஜெர்மனிக்குக் கொடுத்தன. செக் நாட்டுக்காரர்களுக்கு அந்த மேசையில் இடமில்லை. தீர்ப்பு வரும்வரை வெளியே காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மழை. நனைந்த கடை விளக்குகளுக்குக் கீழே கோட் போட்ட அவர்கள் நிற்பது போலவே பட்டது.

வேலைக்கு வந்தால், மீட்டிங் அறையில் லிண்டா, டேரன், யூனியன்காரர். மூன்று பேர், மூன்று நாற்காலி. என் இடத்தை டேரனுக்குக் கொடுத்துவிட்டு என்னைக் குளிர் அறைக்கு மாற்றுவதுதான் பேச்சு. நான் வாசலில் நின்றேன்.

ஈஸ்வரன் அண்ணை கேன்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்தார். கதவைத் தள்ளினார், மேசையருகே போட்டார். "இரும்" என்றார் என்னிடம்.

"இது உன் விஷயமில்லை" என்றான் டேரன்.

"ஓம். இவற்ற விஷயம். அதுதான் இவருக்குக் கதிரை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, என் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கையுறையைக் கழற்றி, மழைக் குளிரில் வெளுத்திருந்த என் விரல்களை லிண்டாவின் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பாதி மேசையை டேரனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். முதுகில் ஒரு விரல் குத்தியது.

"தம்பி, அரைவாசி எண்டு மட்டும் வாயைத் திறந்தீரோ, குளிர் அறைக்குள்ள நானே உம்மைத் தள்ளி விடுவன்."

குளிர் அறைப் பேச்சை லிண்டா அன்றோடு விட்டுவிட்டார். தள்ளுவண்டிகள் பழைய எல்லைக்கோட்டுக்குத் திரும்பிவிட்டன, ஸ்டூல் மட்டும் இன்னும் வரவில்லை. அதனால் நாலு வல்லரசுகள் கூடிக் காப்பாற்றாத எல்லையை இப்போது நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து காவல் காக்கிறேன்.