படகுக்காரன் முடி

எங்கள் புரூனிங் பிரபுவின் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார்க்காவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் அந்த வழுக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அவருக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டார், முடி போய்விட்டது. செம்பட்டைத் தாடி மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு கோடையிலும் கம்பளிக் குல்லாய்தான். பூசையின்போது தேவாலயத்தில் ஆண்கள் எல்லோரும் தலையைத் திறந்து நிற்க, இவர் மட்டும் தூணுக்குப் பின்னால் நிற்பார். எல்பே ஆற்றங்கரையில் அரசனுக்காக எல்லை காக்கிற மனிதர், பத்து ஈட்டிக்கு நடுவே பாய்வார். தலையை மட்டும் திறந்து காட்ட மாட்டார்.

நான் வால்பர்கா. கோட்டைக்குக் கீழே படகுத்துறையில் பீர் காய்ச்சுகிறேன். யார்க்கா எனக்குப் பக்கத்து வீடு. அவள் ஆற்றுக்கு அக்கரைக்காரி, வேந்தியப் பெண். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் புரூனிங்கின் அப்பா ஒரு கொள்ளையில் மாடுகளோடு சேர்த்து இவளையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சமையலறையில் வளர்ந்து, படகோட்டி ஹெம்மோவுக்கு வாழ்க்கைப்பட்டாள். முதலில் எனக்கும் அவளுக்கும் ஆகாது. என் பீரைக் குடித்துவிட்டு, "இத எங்க ஊர்ல பன்னிக்கு வைப்போம்"னு முகத்துக்கு நேரே சொன்னவள். அவர்களுக்குத் தேனில் காய்ச்சினால்தான் மது. ஆனால் எனக்குப் பிரசவத்தில் உயிர் போக இருந்தபோது இரண்டு நாள் என் பக்கத்தைவிட்டு நகராதவளும் அவள்தான். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன்.

கோட்டையில் இரண்டு பாஷையும் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வேந்தியர்களோடு பேச்சு என்றால் பிரபுவுக்குப் பக்கத்தில் அவளைத்தான் நிறுத்துவார்கள்.

பேச்சு அடிக்கடி வேண்டியிருந்தது, சண்டையும் அடிக்கடி வந்தது. கடைசிச் சண்டை தேன்மரங்களால் வந்தது. அக்கரைக் காட்டில் பழைய பைன் மரங்களில் பொந்து குடைந்து தேனீ வளர்ப்பார்கள். ஒவ்வொரு மரத்திலும் கோடாலியால் வெட்டிய குடும்ப அடையாளம் இருக்கும். அப்பன் மரம் மகனுக்கு. புரூனிங் வேலி அடைக்க நேரான மரம் தேடிப் போய் அதில் ஏழு மரங்களை வெட்டிவிட்டார். யார்க்கா அங்கேயே சொன்னாள், கேட்கவில்லை. "காட்டு மரத்துக்கு என்ன பேரும் ஊரும்?" என்றார். அடுத்த மாதம் எங்கள் வைக்கோல் எல்லாம் எரிந்தது. அவர் போய் அவர்களுடைய தினைக்குதிர்களை எரித்தார். அவர்கள் வந்து மாடுகளை ஓட்டிப் போனார்கள். இப்படியே மூன்று வருஷம். இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள், என் தம்பியும் அதில் ஒருவன். அவன் செத்ததற்கு வேந்தியர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஏழு மரத்துக்காகச் செத்தான் என்பதை நினைத்தால் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

பிறகு அரசன் இத்தாலிக்குப் படை கூப்பிட்டான். புரூனிங் போயாக வேண்டும். பாதி ஆளோடு கோட்டையை விட்டுப் போனால் திரும்பி வரும்போது சாம்பல்தான் இருக்கும். ஆகவே சமாதானம் பேச ஆள் அனுப்பினார். வேந்தியத் தலைவன் மில்கோஸ்ட் சம்மதித்தான். ஆனால் அவர்கள் வழக்கப்படிதான் என்றான்.

அவர்கள் வழக்கம் இதுதான். இரண்டு தலைவர்களும் உச்சந்தலையிலிருந்து ஒரு கொத்து முடியை அறுப்பார்கள். காலடியிலிருந்து ஒரு பிடி புல் பிடுங்கி முடியோடு சேர்ப்பார்கள். அதை எதிராளியின் கையில் வைத்து வலதுகை கொடுப்பார்கள். அவ்வளவுதான், சிலுவையும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

புரூனிங்குக்கு வியர்த்துவிட்டது. வேந்தியர் நடுவே குல்லாயைக் கழற்றுவதா? அன்று மதியமே ஹெம்மோவைக் கூப்பிட்டு அனுப்பினார். பிரபுவின் தாடியும் ஹெம்மோவின் தலையும் ஒரே செம்பட்டை. அவன் முடியில் ஒரு கொத்தை அறுத்து, தேன்மெழுகில் ஒட்டிக் குல்லாய்க்குள் வைத்துக்கொண்டார்.

ஹெம்மோ சிரித்துக்கொண்டே என் வீட்டுக்கு வந்தான். "வால்பர்கா, என் தலைக்கு வந்த யோகத்தப் பாத்தியா? பிரபு தலைல உக்காந்துருக்கு!"

"எங்க, காட்டு? கோழி கிண்டின மாதிரி இருக்கே."

"வளந்துரும் போ. முடிதானே."

பின்னாலேயே யார்க்கா வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. ஹெம்மோ போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிதானேங்கறான். எங்க ஆளுங்களுக்கு அது உசுரு. சமாதானத்த மீறுனா முடி யாருதோ அவன் கழுத்து எதிராளிக்குச் சொந்தம்."

"யாரு முடின்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியலன்னா இன்னும் மோசம். பொய்யாக் குடுத்த முடி யாருதோ அவன் அந்த வருஷம் தாண்ட மாட்டான். எங்க சித்தப்பா அப்பிடித்தான் போனாரு. நான் என் கண்ணால பாத்தவ."

இதெல்லாம் அஞ்ஞானம், நீ ஞானஸ்நானம் வாங்கியவள் என்றேன். நான் சொன்னது எனக்கே தைரியமாக இல்லை.

"சொல்லிட்டா எங்க ஆளுங்க அவமானம்னு கத்தி எடுப்பாங்க. சொல்லலன்னா இவன் போயிருவான். நான் என்னடி செய்ய?"

மறுநாள் அக்கரைப் புல்வெளியில் சந்தித்தார்கள். பீப்பாய் கொண்டுபோக வேண்டும் என்று நானும் படகில் போயிருந்தேன். ஹெம்மோ கரையில் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். மில்கோஸ்ட் நெட்டையான ஆள், நரைத்த சடை. முதலில் அவன் அறுத்துக் கொடுத்தான். புரூனிங் கத்தியைக் குல்லாய்க்குள் விட்டு, முகத்தைச் சுளித்து, வலிப்பதுபோல் ஒரு முனகலும் முனகி, முடியை வெளியே எடுத்தார். மெழுகு ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார்க்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இது என் வாக்குன்னு சொல்லு" என்றார் பிரபு.

யார்க்கா வேந்திய பாஷையில் பேசினாள். அந்தச் சின்ன வாக்கியத்துக்கு அவ்வளவு நீளமா என்று எனக்கே தோன்றியது. மில்கோஸ்ட் முடியைப் பார்த்தான், குல்லாயைப் பார்த்தான். பிறகு எல்லோர் தலைக்கும் மேலாக, படகருகே நின்ற ஹெம்மோவைப் பார்த்தான். மில்கோஸ்ட்டின் மீசை துடித்தது. முடியைப் பூர்ச்சமரப் பட்டையில் செய்த ஒரு சிமிழில் போட்டு மூடி, என்னவோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்றார் பிரபு.

"நல்ல முடி, பத்திரமா வெச்சுக்கறேங்கறாரு."

புரூனிங்குக்கு ஏகப்பட்ட திருப்தி. தன் கையில் இருந்த மில்கோஸ்ட்டின் முடியைத் திரும்பும்போது படகிலேயே உதறிவிட்டார்.

ஆனால் ஹெம்மோ ஆறு கடந்து பிழைக்கிறவன். வேந்திய பாஷை அவனுக்குக் கேட்டால் புரிகிற அளவுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கத்தினான், என் வீட்டுச் சுவர் வழியாக எல்லாமே கேட்டது.

"என்ன சொன்ன நீ அவன்கிட்ட? இந்த ஆளு மொட்டை, இது என் புருஷன் முடி, சமாதானத்துக்கு அவன்தான் பிணைன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். சொல்லலன்னா நீ செத்துருவ."

"என் கழுத்த எடுத்து அவன் கைல குடுத்துட்டு வந்துருக்க! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? மாடு விக்கறவன்கூட மாட்டத் தடவிக் குடுத்துட்டுத்தான்டி விப்பான்!"

அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினான். நான்கு வருஷம். அடிக்கவில்லை, விரட்டவில்லை, அவள் வைத்த கஞ்சியைக் குடித்தான். ஏதாவது வேண்டுமானால் நாயிடம் சொல்வான். "நாயே, உப்புப் பத்தல" என்பான். கேட்பவர்களுக்கு வேடிக்கை. யார்க்கா உப்பை எடுத்து வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுவாள்.

சமாதானம் நின்றது. வேந்தியர்கள் தேன், மெழுகு, தோல் எல்லாம் கொண்டுவந்து துறையில் இறக்கினார்கள். ஹெம்மோவைப் பார்த்தால் மட்டும் தலையைத் தொட்டுக் கும்பிடு போட்டார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

நான்காம் வருஷம் புரூனிங் இத்தாலியிலிருந்து வந்தார். வெயிலில் கருத்து, கடுப்போடு வந்தார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தவக்காலத்துக்கு முந்தின வாரம் ஆறு இறுகி உறைந்தது, படகே தேவையில்லை. காலைப் பூசை முடிந்ததும் ஆட்களைச் சேர்த்தார், மாலையில் பனிமேல் நடந்து அக்கரை போனார்கள். இரண்டு ஊர்களை எரித்தார்கள், மிச்சமிருந்த தேன்மரங்களையும் சேர்த்து. ஆனால் ஊர்களில் ஆளும் இல்லை, மாடும் இல்லை. வெறுங்கையோடு வந்தார்.

ஹெம்மோ அன்று விலாங்கு பிடிக்கப் போனதாகச் சொன்னான். பனி உடைந்து கால் உள்ளே போய்விட்டதாம். நான்தான் வாத்துக் கொழுப்பு தடவினேன். இரண்டு கால்விரல் கருத்து உதிர்ந்தே போயிற்று.

அதிலிருந்து யார்க்கா சாப்பிடவில்லை. பனி உருகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். "வருவாங்க. சிமிழோட வருவாங்க" என்பாள்.

வந்தார்கள். ஈஸ்டர் கழிந்த நாலாம் நாள், நல்ல வெயிலில், குடைவுத் தோணிகளில் நாற்பது பேர். மில்கோஸ்ட் எங்கள் கரையில் இறங்கிச் சிமிழைத் திறந்து தூக்கிக் காட்டினான். கோட்டைக் கதவு அடைபட்டது. நாங்கள், துறைக்காரர்கள், வெளியே நின்றோம்.

கோட்டை மரவேலி மேலிருந்து புரூனிங் கத்தினார், குல்லாயோடு. "ஏய் யார்க்கா! அது என் முடி இல்லன்னு சொல்லு! படகுக்காரன் முடி! அவனப் புடிச்சிட்டுப் போகச் சொல்லு!"

நான் என் வாழ்நாளில் அப்படிக் கூசிப்போனதில்லை. அந்த ஆளின் உப்பைத் தின்றேனே என்று துப்பினேன்.

யார்க்கா அதை மொழிபெயர்க்கவில்லை. நேரே நடந்து போய் மில்கோஸ்ட்டின் முன்னால் நின்றாள். இரண்டு பாஷையிலும் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"முடி அவனோடது. வாக்குக் குடுத்த வாய் என்னோடது. அவனக் கேக்காமக் குடுத்தேன். என்ன எடுத்துக்க."

மில்கோஸ்ட் அவளை விலக்கிவிட்டு ஹெம்மோவைக் கூப்பிட்டான். ஹெம்மோ நொண்டிக்கொண்டு போனான். மில்கோஸ்ட் குனிந்து அவன் நொண்டிய காலைப் பார்த்தான். பிறகு அவன் பேசியதை யார்க்காதான் சொல்ல வேண்டியிருந்தது.

"கழுத்து எடுக்க வரல. ஊர் எரிஞ்ச அன்னிக்கு மத்தியானம் மாட்டெலும்புல செஞ்ச சறுக்குக்கட்டையக் கால்ல கட்டிக்கிட்டு, ஆத்துப் பனிமேல ஒரு காதம் வந்து, எங்க ரெண்டு ஊரையும் காட்டுக்குள்ள ஓடச் சொன்னவன் இவன். முடிக்காரன் சமாதானத்தக் காப்பாத்திட்டான். இது எங்கிட்டயே இருக்கும்."

சிமிழை மூடி இடுப்பில் செருகினான். பிறகு வேலியைப் பார்த்தான். "அந்தக் குல்லாக்காரனோட எங்களுக்குச் சமாதானமே இருந்ததில்ல. அதையும் அவன்கிட்ட சொல்லிரு."

சொன்னாள். அதன் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறுப்பு முடிந்ததும் முந்நூறு பேர் வந்தார்கள், கோட்டை எரிந்தது. புரூனிங் மேற்கே ஒரு மடத்துக்கு ஓடினார், அங்கேயே நீர்க்கோவையில் செத்தார். படகுக்காரன் வீட்டையும் என் பீர் அடுப்பையும் யாரும் தொடவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஈஸ்டர் வாரத்தைப் பற்றித்தான். தோணிகள் போன பிறகு யார்க்கா கரையிலேயே நின்றாள். ஹெம்மோ அவளைத் தாண்டி நடந்தான், பழக்கம் போல. நாலு எட்டு போய் நின்றான். இடுப்புக் கத்தியை எடுத்து உச்சந்தலையில் ஒரு கொத்து அறுத்தான். குனிந்து ஈரப் புல்லைப் பிடுங்கினான். திரும்பி வந்து இரண்டையும் அவள் கையில் வைத்து வலதுகையை நீட்டினான்.

"இந்தா" என்றான். நாயிடம் இல்லை, அவளிடம்.

வாங்கியவள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. யார்க்கா தலைத்துணியை அவிழ்த்தாள். கருகருவென்ற கூந்தல்காரி அவள். நான்கு வருஷமாக அந்தத் துணிக்குள்ளே என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரி எனக்கே தெரியாது. முழுக்க வெளுத்திருந்தது. ஹெம்மோவின் கத்தியைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு கொத்து அறுத்து, புல் பிடுங்க உட்கார்ந்தாள்.