அம்மாவுக்கு ஒரு கைப்பை

எங்கள் அப்பா டைல்ஸ் பதிப்பவர். மைசூரில் யாதவகிரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே கையை நீட்டி, "இது நம்ம போட்டது, அந்த மூணாவது வீடும் நம்முதுதான்" என்று சொல்லிக்கொண்டே வருவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாதித் தெரு எங்களுக்குச் சொந்தம் என்று தோன்றும். அப்படி அவர் தரை போட்ட கட்டடங்களில் ஒன்றுக்குள், வேலை முடிந்த பிறகு முன்வாசல் வழியாக அவர் போனது, எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான். அன்று நானும் கூட இருந்தேன்.

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. மேட்டகள்ளியில் எங்கள் வாடகை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். விடுமுறை நாள்களில் அம்மா வீடியோ காலில் வருவாள். பாதிப் பேச்சில் படம் உறைந்து, வாய் திறந்தபடி நின்றுவிடுவாள். குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். அப்படி உறைந்து நின்ற ஒரு நாளில்தான் அவள் அந்த வீட்டு மேடத்தின் கைப்பையைப் பற்றிச் சொன்னாள்.

"மேடம் கடைகண்ணிக்குப் போனா அவங்க பையை நாந்தான் புடிச்சுட்டு நிக்கோணும். தொட்டா எப்படி இருக்குதுங்கிறீங்க! கொழந்த கன்னமாட்டம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடுத்த நிமிடமே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அப்பா போகவில்லை. அந்த வாரம் முழுக்கச் சாதம் பிசையும்போதும், மட்டப்பலகையைத் துடைத்து வைக்கும்போதும் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார். பழைய பைக் ஒன்று பார்த்து வைத்திருந்தார். அதைப் பற்றிப் பேச வந்த நண்பரிடம், "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா கண்ணு, ஒரு எடத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றார்.

அது ஒரு பழைய பங்களா. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஓர் அம்மையார் அதில் கடை வைத்திருந்தார். கைப்பை, பட்டுக் கழுத்துத் துணி, கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் விலை உயர்ந்த சாமான்கள். முன் கூடத்தில் இன்றைய டிசைனர்கள் செய்த புதுசு. உள் அறையில் ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய வெளிநாட்டுப் பழசு. இப்படி ஒரு கடை உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு பையும் தனி மாடத்தில் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீடு முழுமைக்கும் ஒரே டியூப்லைட். அங்கே பைக்கு ஒரு விளக்கு.

அப்பா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். நானும் கழற்றினேன். உள்ளே இருந்த இரண்டு பெண்கள் குதிகால் உயர்ந்த செருப்போடு நடந்துகொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மையாருக்கு அப்பாவை அடையாளம் தெரிந்துவிட்டது. "பன்னி மேஸ்திரி", வாங்க மேஸ்திரி என்று கன்னடத்தில் வரவேற்றார். பிறகு, தான் கூப்பிடவில்லையே, எங்கேயாவது டைல் எழும்பிவிட்டதா என்று கேட்டார்.

அப்பா உடனே தரையைப் பார்த்தார். அவரே போட்ட கறுப்பு வெள்ளைக் கட்டம். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்வையை ஓட்டிவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். அப்புறம் கன்னடத்தில், மனைவிக்கு ஒரு பை வாங்க வந்திருப்பதாகச் சொன்னார். தொடங்கும்போது இருந்த குரல் முடிக்கும்போது இல்லை.

 அந்த அம்மையார் தானே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதாம் பால் வந்தது. அதற்கப்புறம் அங்கே எவ்வளவு நேரமானாலும் எனக்குக் கவலையில்லை.

உள் அறையிலிருந்து அவர் முதலில் எடுத்து வந்தது ஒரு பழுப்பு நிறப் பை. அப்பா பிறப்பதற்கு முன்பே ஏதோ ஒரு நாட்டில் தைத்ததாம். பித்தளைக் கொக்கியைத் தட்டினால் டிக்கென்று திறந்தது. அப்பா கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். சிமெண்டில் ஊறிய உள்ளங்கைக்கு எதுவும் தெரியாது. அதனால் புறங்கையால் தடவினார். அதிலும் திருப்தியில்லாமல் பையை என் கன்னத்தில் வைத்தார்.

"எப்படி இருக்குது கண்ணு?"

"மெத்துனு இருக்குதுப்பா."

அம்மா சொன்னது இதுதான் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே மோந்தும் பார்த்தார். அப்புறம் ஏதோ தோன்றி, இதை ஏற்கெனவே யாராவது வைத்திருந்தார்களா என்று கேட்டார். அம்மையார் பெருமையோடு தலையாட்டினார். அதனால்தான் மதிப்பு, புதுசைவிட இதற்குத்தான் விலை ஜாஸ்தி, இப்படி ஒன்று கிடைக்காதா என்று தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

அப்பா பையை மெதுவாக மேசைமேல் வைத்தார். கன்னடத்தை விட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னார்:

"அவளுக்குப் பழசு வேண்டாமுங்க மேடம். அங்க எல்லாமே பழசுதான் குடுக்கறாங்க."

அம்மையாருக்குப் புரிந்திருக்க வேண்டும். கொக்கியை மூடி, அந்தப் பையை எடுத்துக்கொண்டுபோய் அதன் விளக்குக்கடியில் வைத்துவிட்டு வந்தார். எனக்குத்தான் புரியவில்லை. பழைய பைக்குக்கு ஆசைப்பட்ட மனிதருக்குப் பழைய பைமேல் ஏன் இத்தனை வெறுப்பு என்று பாதாம் பாலைக் குடித்தபடி யோசித்தேன்.

முன் கூடத்தில் புதுசுகளைப் பார்க்க ஆரம்பித்தோம். தங்கச் சங்கிலி தொங்கியது, முத்துப் பதித்தது, தீப்பெட்டி அளவே இருந்தது என்று பலதும் வந்து போயின. கடைசியில் மெரூன் நிறத்தில், நீளத் தோள்வாரோடு ஒன்று வந்தது. அதன்மேல் அப்பாவின் கண் நின்றது. உங்கள் மனைவி எவ்வளவு உயரம், தோளில் மாட்டுவாரா கையில் பிடிப்பாரா என்று அம்மையார் கேட்டார்.

அப்பா கையைத் தன் தோள் அருகே வைத்துக் காட்டினார். இல்லை என்று கொஞ்சம் கீழே இறக்கினார். மறுபடி ஏற்றினார். கை காற்றிலேயே நின்றது. சட்டென்று கண்ணாடி முன் கிடந்த வெல்வெட் முக்காலியை இழுத்து அதன்மேல் என்னை ஏற்றிவிட்டார்.

"அம்மா எப்படி நிப்பா? அப்படி நில்லு கண்ணு."

குழாயடியில் அம்மா நிற்பதுபோல் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பில் கை வைத்து நின்றேன். அப்பா என் தோளில் பையை மாட்டி, வாரைச் சரிசெய்தார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ நினைவு வந்தவர்போல் அம்மையார் உள்ளறைக்குப் போய்விட்டார். மற்ற பெண்களும் எங்கேயோ நகர்ந்துவிட்டார்கள். தையலில் குறை இருக்கிறதா என்று அப்பா பார்க்கிறார் என்று நினைத்து, பை ஆடிவிடக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"இதையே குடுத்துருங்க" என்றார் அப்பா.  அந்தப் பைக் பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எழவேயில்லை.

தசராவுக்கு அம்மா ஒரு மாத விடுப்பில் வந்தாள். பையைப் பார்த்ததும் முதலில் அப்பாவைத் திட்டினாள். "புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?" என்றாள். அப்புறம் போய் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து தொட்டாள். அந்த மாதம் முழுக்கப் பை அவள் தோளைவிட்டு இறங்கவில்லை. தேவராஜ மார்க்கெட்டில் ஒரு தோளில் மெரூன் பை, இன்னொரு கையில் கத்தரிக்காயும் கீரையும் பிதுங்கும் ஒயர் கூடை. அரண்மனை விளக்கு பார்க்கப் போன கூட்டத்தில் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். என் பள்ளிக்கு வந்தபோது டீச்சர் பேசியதைவிடப் பையைப் பார்த்த நேரம்தான் அதிகம். உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு கைக்குட்டை, வீட்டுச் சாவி, பை வளையாமல் இருக்கக் கடையிலேயே திணித்துக் கொடுத்த காகிதம், அவ்வளவுதான்.

புறப்படுகிற நாளன்று பெட்டி கட்டும்போது நான்தான் பையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"இங்கியே இருக்கட்டும் கண்ணு. அங்க கொண்டுபோனா மேடம் பையை எந்தக் கையில புடிக்கறது?"

அவள் சிரித்தாள். அப்பாவும் சிரித்துவிட்டு, ஆட்டோ வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வெளியே போனார். ஆட்டோவை இன்னும் கூப்பிடவே இல்லை.

பை எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதன்பிறகு அம்மா எப்போது கூப்பிட்டாலும் அதைத்தான் கேட்பாள். பை எங்கே, எடுத்துட்டு வா, தோள்ல மாட்டு, திரும்பி நில்லு, இந்தப் பக்கம் திரும்பு. எனக்குக் கோபமாக வரும். பரீட்சையில் என்ன மார்க் என்று கேட்பதற்கு முன்பே பையைக் கேட்கிறாளே, நாங்கள் அதைப் பாழாக்கிவிடுவோம் என்று பயமா என்று நினைப்பேன். அதனால் அவள் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே ஈரத்துணியால் துடைத்துத் தயாராக வைத்திருப்பேன். போன் ஒலித்ததும் பையைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடிப்பேன்.

"தள்ளிப் புடி கண்ணு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடி" என்று அம்மா கெஞ்சுவாள்.

நான் பையைத் தள்ளவில்லை. அவளுக்கு அது முழுசாகத் தெரிய வேண்டுமே என்று என் முகத்தைத்தான் ஒதுக்கிக்கொண்டேன்.