குக்கருக்குள் மணல்

இப்போதும் குக்கர் சீறினால் என் கை தானாக மகளின் முகத்தைத் தேடிப் போகிறது.

கரமனை வீட்டில் அன்று கேக் சுடத் தனி அடுப்பு கிடையாது. குக்கருக்குள் ஆற்று மணலைப் பரப்பி, கேக் பாத்திரத்தை அதன்மேல் வைத்து, வெயிட் போடாமல் மூடிச் சுடுவோம். பள்ளி ஓட்டப் பந்தயத்துக்குப் பழகிக்கொண்டிருந்த மகள், காலையில் ஓடிவிட்டு வந்து தானே மாவு கலந்து கேக் வைத்திருந்தாள்.

நடை முடித்து வந்த என் கணவருக்குப் புட்டு வேண்டும். வெயிட் இல்லாத குக்கரைப் பார்த்ததும் புட்டுக்குத்தான் தண்ணீர் கொதிக்கிறது என்று நினைத்து, மாவு நிரப்பிய தேங்காய்ச் சிரட்டையை, ஆவி வரும் அதன் மூக்கில் கவிழ்த்து வைத்தார். ஆவி வரவில்லை.

“தண்ணி வத்திப்போச்சுடீ,” என்று சிரட்டையை இறக்கினார்.

“அய்யோ அப்பா, அது என்னோட கேக்காக்கும்!” என்று மகள் ஓடிவந்து குனிந்தாள். அதற்குள் அவர் மூடியைப் பாதி தூக்கி, உள்ளே பார்க்காமலே சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டார்.

கொதிக்கும் மணல் ஆவியோடு கூரை வரை தெறித்தது. மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினாள். பின்னலைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் அவள் தலையை அழுத்தினேன். கழுத்துத் தோல் என் விரலோடு வந்தது. கண்ணைத் திற என்று கத்தினேன், திறக்கவில்லை. அடுக்களைக்குத் திரும்பி ஓடி, கையில் அகப்பட்ட கரண்டியால் கணவரைத் தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தேன். அவர் தடுக்கவில்லை.

“அப்பாவை அடிக்காதேம்மா! அவர் கையெல்லாம் வெந்து பொள்ளிக் கெடக்கு, பாரு!”

குழாயடியிலிருந்து மகள் சொன்னாள். அவளுக்குக் கண் தெரிகிறது. நான் தரையில் சிதறிய அந்தச் சூட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.